‘பாலைவிட 17 மடங்கு கால்சியம்’: இப்படி வரும் செய்தியைச் சரிபார்ப்பது எப்படி?

முருங்கைக் கீரையில் பாலைவிட 17 மடங்கு கால்சியம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முழுப் பொய் அல்ல. தொல்லையே அதுதான். முழுப் பொய்யை ஒரே தேடலில் பிடித்துவிடலாம். அரை உண்மைக்குப் பேனாவும் தாளும் வேண்டும்.

செய்தியில் உள்ள எண்ணைத் தனியே எழுதிக்கொண்டு, பக்கத்தில் ‘எத்தனை கிராமுக்கு?’ என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் பெரும்பாலும் செய்தியில் இருக்காது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் இருக்கும். 528 உணவுகள், எல்லா அளவும் 100 கிராமுக்கு. அதன்படி பச்சை முருங்கைக் கீரையில் கால்சியம் 314 மி.கி., பசும்பாலில் 118 மி.கி. மூன்று மடங்குகூட வரவில்லை.

அப்படியானால் 17? அது காய்ந்த இலைப் பொடியின் கணக்கு. நீர் வற்றினால் எந்தக் கீரையிலும் எடைக்கு எடை சத்து பல மடங்கு கூடித் தெரியும். 100 கிராம் பொடியை 100 கிராம் பாலோடு நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாம் சாப்பிடுவது ஒரு தேக்கரண்டி பொடி, சுமார் 3 கிராம். 17 மடங்கு என்பதை அப்படியே ஏற்றாலும் அதில் கிடைப்பது 60 மி.கி. 200 மி.லி. டம்ளர் பாலில் 230 மி.கி.க்கு மேல் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. வீட்டில் 50 கிராம் பச்சைக் கீரையைப் பொரியல் செய்தால் கிட்டத்தட்ட 150 மி.கி. வந்துவிடும், டப்பாவில் விலை கொடுத்து வாங்கும் பொடியைவிட அது மேல்.

அட்டவணையைப் பார்ப்பவர்கள் இடறும் இடங்கள் இரண்டு. அதில் உள்ளவை பெரும்பாலும் சமைக்காத பொருளின் அளவுகள். கேழ்வரகில் 364 மி.கி. என்பது 100 கிராம் தானியத்துக்கு; 100 கிராம் களிக்கு அல்ல, களியில் பாதிக்கு மேல் தண்ணீர். இன்னொன்று, தட்டில் உள்ளதெல்லாம் உடம்பில் சேராது. பாலக் கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் மிகக் கொஞ்சமே உள்ளே போகும்.

பாக்கெட் உணவுக்கும் இதே கேள்விதான். முன்பக்கப் படங்களை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். ‘பல தானிய’ பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா என்றால் அது மைதா பிஸ்கட். சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 1,000 மி.கி. சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பு 5 கிராமுக்குள்.

நோய் பற்றிய செய்திக்குக் கேள்வி மாறும்: அந்த மருந்தை எடுக்காதவர்களுக்கு என்ன ஆனது? டெங்குவில் பப்பாளி இலைச் சாறு குடித்து மூன்றாம் நாள் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) ஏறிவிட்டது என்பார்கள். டெங்குவில் இறங்கிய தட்டணு, நோயாளி தேறும்போது தானாகவே ஏறும். சாறு குடிக்காதவருக்கும் ஏறும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதனால் ஒப்பீட்டுக் குழு, அதாவது சாறு குடிக்காதவர்களின் கணக்கு, இல்லாத அனுபவத்தைச் சான்றாக எடுக்காதீர்கள். இதைவிட ஆபத்து, சாற்றை நம்பி எச்சரிக்கை அறிகுறிகளைக் கவனிக்காமல் விடுவது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், மிகுந்த சோர்வு எனில் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

தேடும் முறையிலும் சூட்சுமம் உண்டு. செய்தியின் வாசகத்தை அப்படியே தேடினால் அதே செய்தியின் நகல்கள்தான் வரும். தாவரத்தின் அறிவியல் பெயரையும் நோயின் ஆங்கிலப் பெயரையும் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் (PubMed) தேடுங்கள். இடப்பக்க வடிகட்டியில் முறையான மீளாய்வு (Systematic Review) வகையைத் தேர்ந்தால் தனித்தனி ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டவை மட்டும் நிற்கும். பப்மெட் ஒரு நூலகப் பட்டியல்தான். அதில் இருப்பதாலேயே ஒரு ஆய்வு தரமானது ஆகிவிடாது. எலியிலா, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, மனிதரிலா என்று ஆய்வுச் சுருக்கத்தில் பாருங்கள். தட்டில் உள்ள புற்றுநோய் செல்லை டெட்டால்கூடக் கொல்லும். ஆங்கிலம் சிரமம் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் தகவல் தாள்கள் எளிய நடையில் இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாலும் எண்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள், மி.கி. கிராமாகிவிடுவது நடக்கிறது.

கடைசியாக, தகவல் சரியாகவே இருந்தாலும் அது யாருக்கு என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று தினமும் கீரைப் பொடி எடுத்தால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குக் கீரையிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் ஆகாது. இவர்கள் இணையத்தில் தேடுவதோடு நிறுத்தாமல், சாப்பிடும் மாத்திரை அட்டையோடு மருத்துவரிடம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

தவறென்று தெரிந்த செய்தியை அனுப்பியவர் பெரியப்பாவாக இருந்தால், குடும்பக் குழுவில் எல்லோர் முன்பும் திருத்த வேண்டாம். அட்டவணையின் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அவருக்குத் தனியே அனுப்புங்கள்.