மெக்சிகோ மிளகாய்ச் சால்சா: வேகவைத்தது, சுட்டது, வறுத்தது

மெக்சிகோ உணவகம் என்று பெயர்ப்பலகை மாட்டிய இடங்களில் சிப்ஸுடன் கொண்டுவந்து வைக்கும் இனிப்புத் தக்காளிக் குழைவைக் கொஞ்சநேரம் மறந்துவிடுங்கள். மெக்சிகோ நகரத்தின் தெருவோரத் தாக்கோ (சோள ரொட்டியில் கறி வைத்து மடித்தது) கடைகளில் சால்சா, அதாவது தொட்டுக்கொள்ளும் காரக் குழைவு, பெரும்பாலும் இரண்டு கிண்ணங்களில் இருக்கும்: ஒன்று பச்சை, மற்றது சிவப்பு. பச்சைக்கு அடிப்படை தொமாத்தியோ என்ற காய். சிவப்புக்கு அடிப்படை காய்ந்த மிளகாய். இவ்விரண்டும் சேர்ந்த மூன்றாவது ஒன்றும் உண்டு. மூன்றையும் இங்கே வரிசையாகச் செய்து பார்க்கலாம். பூண்டு, வெங்காயம், உப்பு என்று சேர்மானங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ருசியில் வரும் வேறுபாடெல்லாம் அவற்றுக்கு நெருப்பை எப்படிக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். சட்னி அரைத்துப் பழகிய கை, தானாகவே கடுகுக்கும் பெருங்காயத்துக்கும் நீளும். புளிப்பு போதவில்லையோ என்று புளியைத் தேடும். வேண்டாம். தாளித்தால் நல்ல சட்னி கிடைக்கும், சால்சா கிடைக்காது.

தொமாத்தியோவைத் தெரிந்துகொள்வது

இது பழுக்காத தக்காளி அல்ல, வேறு செடி. காகிதம் போன்ற உறைக்குள் பச்சையாக, உருண்டையாக இருக்கும். நம் ஊர் வரப்புகளில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளியும் இதுவும் ஃபைசாலிஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சிறுவயதில் அந்தக் காயை நெற்றியில் அடித்து வெடித்து விளையாடியவர்களுக்கு இந்த உறை புதிதாகத் தெரியாது. அதற்காகச் சொடக்குத் தக்காளியைக் காயாகப் பறித்து இதில் போட்டுவிடாதீர்கள். அது கசக்கும்; பழுக்காத நிலையில் உண்ணவும் உகந்ததல்ல.

மெக்சிகோவினர் எழுதும் குறிப்புகளில் ‘தொமாத்தே வெர்தே’ என்றிருந்தால் அது இந்தக் காய்தான். நம் சிவப்புத் தக்காளியை அங்கே ‘ஹித்தொமாத்தே’ என்பார்கள். இதைக் கவனிக்காமல் பச்சைத் தக்காளியை வாங்கி வந்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

வாங்கும்போது உறையைச் சற்றே விலக்கிப் பாருங்கள். காய் உறையை நிறைத்து, அழுத்தினால் அமுங்காமல் கெட்டியாக இருக்க வேண்டும். உறை காய்ந்திருந்தால் பரவாயில்லை, காய் சுருங்கியிருக்கக் கூடாது. மஞ்சளாக மாறியது பழுத்துவிட்டது. புளிப்பு குறைந்து இனிப்பு ஏறியிருக்கும். சால்சாவுக்குப் பச்சையும் புளிப்பும்தான் தேவை. உறையை உரித்ததும் காயின் மேல் ஒரு பிசுக்கு ஒட்டும். வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் விட்டால் கசப்பு தங்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கு இது சுலபமாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. விதை வாங்கி வளர்ப்பவர்கள் குறைந்தது இரண்டு செடிகளாவது வைக்க வேண்டும். இந்தச் செடி தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. ஒற்றைச் செடி பூத்துக் குலுங்கும், காய் மட்டும் பிடிக்காது. செடிக்கும் வழியில்லையென்றால் டப்பாவில் அடைத்த தொமாத்தியோ சுமார். கெட்டியான பச்சைத் தக்காளியுடன் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது அதற்கும் அடுத்தபடி. புளிப்பு வரும், தொமாத்தியோவுக்கே உரிய பழவாசம் வராது.

மிளகாயில் என்ன வாங்குவது

மிளகாய் மெக்சிகோவில் பல ஆயிரம் ஆண்டுகளாக இருப்பது. போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்த பிறகுதான் அது நம் கைக்கே வந்தது. நாம் அதை முக்கியமாகக் காரத்துக்காக வைத்துக்கொண்டோம். அவர்கள் ஒவ்வொரு மிளகாயின் மணத்தையும் தனித்தனியாகக் கையாள்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பெர்னர்தீனோ தே சஹாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார், மெக்சிகோவின் பழங்குடி அஸ்தெக் மக்களின் சந்தையில் சாறுகளும் குழம்புகளும் விற்பவரைப் பற்றிய குறிப்பில், புகையில் உலர்த்திய மிளகாய், மஞ்சள் மிளகாய், காரம் குறைந்த சிவப்பு மிளகாய், பூசணி விதை, தக்காளி என்று ஒரு பட்டியலே தருகிறார்.

தொடக்கத்துக்கு எல்லாமும் வேண்டாம். பச்சை மிளகாயில் செரானோ போதும். நம் பச்சை மிளகாயும் பொருந்தும். காய்ந்ததில் குவாஹியோவும் ஆர்போலும் வாங்குங்கள். குவாஹியோ நீளமானது, மழமழப்பான கருஞ்சிவப்புத் தோல், லேசான புளிப்பு, காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் 2,500 முதல் 5,000 வரை. ஆர்போல் மெல்லியது, சுள்ளென்றது, 15,000 முதல் 30,000 வரை. கை பழகிய பிறகு ஆஞ்சோவுக்கும் சிபோத்லேக்கும் போகலாம். ஆஞ்சோ என்பது பழுத்து உலர்ந்த பொப்லானோ. உலர்திராட்சை மணம் வீசும். சிபோத்லே, பழுத்த ஹலப்பேன்யோவைப் புகையில் உலர்த்தியது.

குவாஹியோவை வளைத்துப் பாருங்கள். தோல்வார்போல வளைந்தால் புதியது. நொறுங்கினால் கடையில் நெடுநாள் கிடந்தது. ஆர்போலுக்கு இந்தச் சோதனை செல்லாது, அது எப்போதும் மொறமொறப்பாகத்தான் இருக்கும். கிடைக்காத ஊரில் குவாஹியோவுக்குப் பதில் பியாடகி மிளகாயையும், ஆர்போலுக்குப் பதில் சாத்தூர் சம்பாவையோ குண்டூரையோ போடலாம். ஆஞ்சோவுக்கும் சிபோத்லேக்கும் நம்மிடம் மாற்று இல்லை.

முதலாவது: பச்சைச் சால்சா

அரை கிலோ தொமாத்தியோ, மூன்று செரானோ, கால் பங்கு வெள்ளை வெங்காயம், ஒரு சிறு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, ஒரு தேக்கரண்டி உப்பு.

கழுவிய காய்களையும் மிளகாயையும் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி நடுத்தரத் தீயில் வையுங்கள். ஓரங்களில் குமிழி எழத் தொடங்கியதும் தீயைத் தணித்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் தோல் வெடித்து, சாறெல்லாம் தண்ணீரில் போய், கையில் தோலும் விதையும்தான் மிஞ்சும்.

இனிமேல் கடிகாரத்தைவிடக் காயைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை, தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் முதலில் மங்கும். கரண்டியால் மெதுவாகப் புரட்டிவிட்டால் மேல்பக்கமும் மங்கி, முழுக் காயும் பாசிப்பச்சைக்கும் காக்கிக்கும் நடுவிலான ஒரு நிறத்துக்கு வந்துவிடும். கரண்டியின் முதுகால் தொட்டால் நெகிழ வேண்டும், உடையக் கூடாது. எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். சிறியவை முன்னதாக வெந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வையுங்கள்.

சூடு ஆறும்வரை பொறுத்திருங்கள். கொதிக்கக் கொதிக்க மிக்சியில் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். மிளகாய்ச் சாறு முகத்தில் தெறிப்பதை யாரும் இரண்டாவது முறை விரும்ப மாட்டார்கள். ஆறியதும் பூண்டு, உப்பு, மிளகாய் மூன்றையும் முதலில் நைய அரையுங்கள். அதன்மேல் தொமாத்தியோவைப் போட்டு விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும். விதைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வழவழவென்று ஆகிவிட்டால் ருசி பாதி போனது. கொத்தமல்லியைக் கடைசியாகப் போட்டு ஒரே சுற்று. வெங்காயத்தை அரைக்காதீர்கள். பொடியாக நறுக்கித் தண்ணீரில் அலசிப் பிழிந்து மேலே கலந்தால் போதும். கெட்டியாக இருந்தால் வேகவைத்த தண்ணீரில் இரண்டு கரண்டி சேருங்கள். எலுமிச்சை தேவைப்படாது, காயிலேயே போதிய புளிப்பு இருக்கிறது.

இதே பொருள்களை வேகவைக்காமல் பச்சையாக அரைத்தால் சுர்ரென்ற, புல்மணம் கொண்ட ஒரு சால்சா வரும். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

சுட்டுச் செய்வது இன்னொரு வகை. என் ஓட்டு அதற்குத்தான். மெக்சிகோவில் இதற்குக் கோமால் என்ற தட்டையான கல் உண்டு. நம் இரும்புத் தோசைக்கல் அந்த வேலையைச் செய்துவிடும். ஒட்டாத பூச்சுள்ள கல்லை இதற்கு எடுக்காதீர்கள், வெறும் கல்லை அவ்வளவு சூடேற்றினால் பூச்சு கெடும். எண்ணெய் விடாமல் காய்கள், மிளகாய், தோலோடு பூண்டு, தடித்த வெங்காய வில்லை எல்லாவற்றையும் பரப்பிப் புரட்டிக்கொண்டே இருங்கள். பூண்டும் மிளகாயும் முதலில் ஆகிவிடும். தொமாத்தியோ கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளும்: ஆங்காங்கே கரும்புள்ளி, உள்ளே முழுக்க நெகிழ்ச்சி, ஓரத்தில் சாறு கசிவு. கருகிய தோலை உரிக்க வேண்டாம். கல்லில் வடிந்த சாற்றையும் வழித்துப் போடுங்கள். புளிப்பின் முனை மழுங்கி, அடியில் ஒரு இனிப்பு எட்டிப்பார்க்கும்.

சுட்டதை அரைக்க மிக்சியைவிட மோல்காஹேத்தே சிறந்தது. மூன்று கால்களுள்ள எரிமலைக்கல் உரல் அது. புதிதாக வாங்கினால் அரிசியும் உப்பும் போட்டு, கல்பொடி வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப அரைத்துக் கொட்ட வேண்டும்; புது அம்மிக்கு நம் பாட்டிமார் செய்த அதே பக்குவம். வீட்டில் அம்மியோ சிறு கல்லுரலோ இருந்தால் அதுவே தாராளம். முதலில் உப்பும் பூண்டும், அடுத்து மிளகாய், கடைசியில் காய்.

இரண்டாவது: குவாஹியோ சிவப்புச் சால்சா

எட்டு குவாஹியோ, இரண்டு தக்காளி, இரண்டு பல் பூண்டு, ஒரு துண்டு வெங்காயம், உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்.

மிளகாயை ஈரத்துணியால் துடைத்து, காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் கத்தரித்து விதையையும் உள்நரம்பையும் நீக்குங்கள். பிறகு வறுப்பது. நாம் சாம்பார்ப் பொடிக்கு வறுக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. தோசைக்கல் மிதமான சூட்டில் இருக்கட்டும். விரித்த மிளகாயைக் கல்லில் வைத்துக் கரண்டியால் ஒரு அழுத்து; சீறும், தோலில் சிறு கொப்புளம் எழும், மணம் மேலே வரும். உடனே திருப்பி இன்னொரு அழுத்து, எடுத்துவிடுங்கள். பக்கத்துக்குச் சில நொடிகள்தான். உள்பக்கம் புகையிலை நிறத்துக்கு மாறியிருந்தால் சரி. கறுத்திருந்தால் அந்த மிளகாயைத் தூக்கிப் போடுங்கள். ஒன்றே ஒன்று கருகினாலும் மொத்தச் சால்சாவும் கசக்கும். கமறல் தொண்டையைப் பிடிக்கிறதென்றால் கல் அதிகமாகச் சூடேறிவிட்டது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டே தொடங்குங்கள்.

வறுத்த மிளகாய் மேல் வெந்நீர் ஊற்றிச் சிறு தட்டு ஒன்றைக் கவிழ்த்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். அதற்குள் தக்காளி, பூண்டு, வெங்காயத்தைக் கல்லில் சுட்டுக்கொள்ளலாம். ஊறிய நீரை ஒரு சொட்டு நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் சேருங்கள், இல்லையென்றால் அதையே அரைக்கப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் சேர்த்து நன்றாக நைய அரையுங்கள். குவாஹியோவின் தோல் முரடு, எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் ஒட்டும். ஆகவே வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து வடிப்பதைத் தவிர்க்க முடியாது.

வடித்ததை அப்படியே சாப்பிடலாம், ஆனால் பச்சைவாசம் இருக்கும். வாணலியில் எண்ணெயைக் காயவைத்து விழுதை ஒரே தடவையில் ஊற்றுங்கள். பெருஞ்சத்தத்துடன் தெறிக்கும்; பாதி மூடிய தட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிடம் கிளறினால் ஆரஞ்சு நிறம் செங்கல் நிறமாக இறங்கும், கரண்டி இழுத்த இடத்தில் வாணலியின் அடி ஒரு கணம் தெரியும். உப்பைப் பார்த்து இறக்குங்கள். இதையே சற்று நீர்க்க வைத்தால், சோள ரொட்டியைச் சுருட்டிச் சால்சாவில் தோய்க்கும் என்சிலாதாவுக்கு ஆகும்.

மூன்றாவது: ஆர்போலும் தொமாத்தியோவும்

கால் கிலோ தொமாத்தியோ, பன்னிரண்டு ஆர்போல், இரண்டு பல் பூண்டு, உப்பு. காய்களையும் பூண்டையும் முன்பு சொன்னதுபோல் சுட்டுக்கொள்ளுங்கள். ஆர்போலை மிதமான சூட்டில் உருட்டி உருட்டி வறுத்தால் அரை நிமிடத்தில் மணக்கும். ஊறவைக்க வேண்டியதில்லை, வடிகட்டவும் வேண்டாம். மூன்றையும் உப்புடன் அரைத்தால் முடிந்தது. செம்பழுப்பு நிறத்தில், விதைகள் மிதக்க இருக்கும். காரம் கடுமையானது, முதல்முறை ஆறு மிளகாயோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். மிளகாயைத் தொட்ட கையைத் தண்ணீரில் மட்டும் கழுவிப் பயனில்லை. கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

எடுத்துவைப்பதும் பரிமாறுவதும்

வேகவைத்ததும் சுட்டதும் கண்ணாடிப் புட்டியில், குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து நாள் தாங்கும். வெளியே வைக்கும் ஊறுகாய்போல நினைத்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பச்சைச் சால்சா குளிர்ந்தால் கூழ்போல உறைந்திருக்கும். கெட்டுப்போகவில்லை; ஜாமை உறையவைக்கும் பெக்டின் என்ற பொருள் தொமாத்தியோவில் அதிகம். ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கினால் இளகிவிடும். குவாஹியோ சால்சாவை உறைநிலைப் பெட்டியிலும் போடலாம், ருசி அவ்வளவாகக் குறையாது.

தாக்கோவுக்கும் முட்டைக்கும் எது வேண்டுமானாலும் பொருந்தும். மீந்துபோன சால்சாவுக்கு மெக்சிகோவில் காலைப் பலகாரம் ஒன்று இருக்கிறது: சிலாக்கிலேஸ். பழைய சோளத் தோர்த்தியாவை, அதாவது மெல்லிய சோள ரொட்டியை, முக்கோணமாக நறுக்கிப் பொரித்து, சூடான சால்சாவில் புரட்டி, மேலே உதிர்த்த பாலாடைக்கட்டியும் நறுக்கிய வெங்காயமும் தூவுவார்கள். ஆட்கள் உட்கார்ந்த பிறகே வாணலியில் புரட்டுங்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் தோர்த்தியா ஊறி நைந்துவிடும்.