ஸிப் பைல் திறக்கவில்லையா? கடைக்குக் கொண்டுபோக முன் இதைப் பாருங்கள்

ரியூசன் வட்ஸ்அப் குழுவில் உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களை ஒரே ஸிப்பாகக் கட்டிப் போடுகிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள் கலியாணப் படங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு லிங்க் அனுப்புகிறார். கம்பஸ் போகும் பிள்ளைக்குப் பாடத்துக்கான சொப்ட்வெயார் றார் பைலாக வருகிறது, அதுவும் ஸிப் போன்ற இன்னொரு கட்டுத்தான். மூன்று வீட்டிலும் ஒரே முறைப்பாடுதான்: "பைல் பழுது, திறக்குதில்லை."

உண்மையில் பழுதான பைல் குறைவு. பாதி வந்த பைல், வாலில் வேறு பெயர் ஒட்டிய பைல், வேறு சொப்ட்வெயார் கேட்கும் பைல், இவைதான் அதிகம். எது என்று தெரிந்துவிட்டால் சில நிமிட வேலை. அது தெரியாமல் கண்ட கண்ட "ரிப்பெயர்" சொப்ட்வெயாரை எல்லாம் இறக்கினால்தான் லப்டொப்புக்கு உண்மையாகவே வருத்தம் பிடிக்கும்.

கீழே உள்ளது விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு. மேலிருந்து ஒழுங்காக வாருங்கள். இடையில் சரிவந்துவிட்டால் மிச்சத்தை விட்டுவிடலாம்.

படி 1: உள்ளே வைத்துத் திறக்காமல் வெளியே எடுங்கள்

ஸிப்பின் மேல் இரண்டு தரம் கிளிக் செய்தால் விண்டோஸ் அதைச் சாதாரண போல்டர் போலவே காட்டும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் வேர்ட் பைலை அப்படியே திறந்து திருத்தினால், சேவ் பண்ண விடாது. அல்லது எங்கோ ஒரு தற்காலிக போல்டரில் சேவ் ஆகி, பிறகு தேடினாலும் கிடைக்காது. சொப்ட்வெயார் என்றால், செற்றப் பைல் தனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய மற்றப் பைல்களைக் காணாமல் எரர் காட்டும்.

ஸிப்பின் மேல் றைட் கிளிக் செய்து "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுங்கள். எங்கே போட வேண்டும் என்று கேட்கும், டெஸ்க்டொப்பைக் காட்டுங்கள். புதிதாக ஒரு போல்டர் வரும். இனி அதற்குள் வேலை செய்யுங்கள். "திறக்குதில்லை" என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் இந்த இடத்திலேயே வீட்டுக்குப் போய்விடலாம்.

படி 2: பெயரின் வாலைப் பாருங்கள்

விண்டோஸ் பைல் பெயரின் கடைசித் துண்டை வழக்கமாக மறைத்து வைத்திருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 இல் போல்டர் ஒன்றைத் திறந்து மேலே "வியூ", பிறகு "ஷோ", பிறகு "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்". விண்டோஸ் 10 இல் "வியூ" தாவலிலேயே அதற்கான சரிக்கட்டம் இருக்கும்.

இப்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள். ஸிப் என்றால் விண்டோஸே திறக்கும். றார் அல்லது அதேபோன்ற 7ஸெட் என்ற கட்டு என்றால் விண்டோஸ் 10 தனியாகத் திறக்காது. விண்டோஸ் 11 இல் 2023 இன் பிற்பகுதியில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு திறக்கும். "சிஆர்டவுண்லோட்" அல்லது "பார்ட்" என்று முடிந்தால் டவுண்லோட் இன்னும் முடியவில்லை. முதலாவது குரோம் வைக்கும் பெயர், இரண்டாவது பயர்பொக்ஸ் வைக்கும் பெயர். அதை ரீநேம் செய்து ஸிப் ஆக்கிப் பார்க்கும் ஆட்களும் உண்டு. பெயர்தான் மாறும், வராத பாதி வராது.

"வினாத்தாள்.ஸிப்.ஈஎக்ஸ்ஈ" என்பதுபோல இரட்டை வால் இருந்தால் தொடவே வேண்டாம், அழித்துவிடுங்கள். அது ஸிப் வேடம் போட்ட புரோகிராம். வினாத்தாள் அனுப்ப யாருக்கும் ஈஎக்ஸ்ஈ தேவைப்படாது.

படி 3: முழுதாக வந்ததா?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. நம்மூரில் டவுண்லோட் இடையில் நிற்பதற்குக் காரணம் தேடத் தேவையில்லை: கரண்ட் போனால் ரௌட்டர் நிற்கும், போனில் டேட்டா முடியும், இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுத்தால் விடிய முன் லப்டொப் தூங்கிப்போயிருக்கும்.

வேறு பைல் என்றால் பாதி வந்தாலும் ஏதோ கொஞ்சம் தெரியும். பாதி வந்த பாட்டுப் பைல் பாதி பாடும். ஸிப் அப்படி இல்லை. 1989 இல் பில் கட்ஸ் என்ற அமெரிக்கர் இந்த அமைப்பை வெளியிட்டபோதே, உள்ளே என்ன பைல்கள், எந்த இடத்தில் தொடங்குகின்றன என்ற பட்டியலைப் பைலின் கடைசியில் வைத்தார். பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கும் புத்தகம் மாதிரி. கடைசிப் பக்கம் கிழிந்து வந்தால், முன்னால் 900 பக்கம் இருந்தாலும் விண்டோஸ் "இது செல்லாத ஸிப்" என்று கையை விரித்துவிடும். "இன்வலிட்" என்ற செய்தியைக் கண்டால் முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரிபார்ப்பது லேசு. பைல் மேல் றைட் கிளிக் செய்து "ப்ரொபர்ட்டீஸ்" திறந்தால் அளவு இருக்கும். அனுப்பியவரிடம் அவருடைய பைலின் அளவைக் கேளுங்கள். அடைப்புக்குள் நீளமாக இருக்கும் பைட் எண்ணிக்கையைத்தான் ஒப்பிட வேண்டும். எம்பி, ஜிபி கணக்கு ஏமாற்றும். ஒரு கருவி 1,000 ஆல் வகுக்கும், விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கும். போனில் 1 ஜிபி என்று தெரிந்த அதே பைல் விண்டோஸில் 953 எம்பி என்று தெரியும். குறைந்துபோய்விட்டது என்று பதறத் தேவையில்லை.

பைட் எண்ணிக்கை குறைவென்றால் மறுபடி டவுண்லோட் செய்வதுதான் வழி. குரோமில் கொன்ட்ரோல் விசையுடன் ஜே அழுத்தினால் டவுண்லோட் பட்டியல் வரும். "ரெஸ்யூம்" இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கூகுள் டிரைவில் முழு போல்டரையும் இறக்கும்போது பல சமயம் அது கைகொடுக்காது. அந்த நேரம் போல்டரை முழுதாக இழுக்காமல், உள்ளே போய்ச் சிறு சிறு பகுதியாக இறக்குங்கள்.

படி 4: முதல் இரண்டு எழுத்து

அளவு சரி, இன்னும் திறக்கவில்லை. அல்லது 300 எம்பி என்று சொன்ன பைல் வெறும் 40 கேபி ஆக வந்திருக்கிறது. இப்போது அதை நோட்பேட்டில் திறந்து பாருங்கள்: றைட் கிளிக், "ஓப்பன் வித்", நோட்பேட். சின்னப் பைல்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். பெரிய பைல் என்றால் நோட்பேட் திணறும்.

கட்டமும் கிறுக்கலுமாக வரும். அதைக் கண்டு பயப்படாமல் ஆகத் தொடக்கத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில் பி, கே என்ற இரண்டு பெரிய எழுத்துகள் இருந்தால் அது உண்மையான ஸிப். பில் கட்ஸின் பெயரெழுத்துகள் இன்றைக்கும் ஒவ்வொரு ஸிப்பின் நெற்றியிலும் இருக்கின்றன. "றார்" என்ற சொல்லும் ஆச்சரியக்குறியும் இருந்தால், வாலில் ஸிப் என்று எழுதியிருந்தாலும் அது றார் பைல். 7 உம் ஸெட்டும் என்றால் 7ஸெட். "டொக்டைப் எச்டிஎம்எல்" என்று வாசிக்கக்கூடிய ஆங்கிலம் வந்தால், உங்களுக்கு வந்தது பைலே இல்லை, ஒரு இணையப் பக்கம். லிங்க் காலாவதியாகியிருக்கலாம், அல்லது "லொகின் செய்யுங்கள்" என்ற பக்கம் ஸிப் என்ற பெயரில் சேவ் ஆகியிருக்கலாம். அதை எந்த சொப்ட்வெயாராலும் திறக்க முடியாது. லிங்கை மறுபடி கேளுங்கள்.

எதையும் மாற்றாமல், சேவ் கொடுக்காமல் நோட்பேட்டை மூடிவிடுங்கள்.

இன்னொன்று. வேர்டின் டொக்எக்ஸ், எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், போனின் ஏபிகே எல்லாம் உள்ளுக்குள் ஸிப்தான். அதனால் சில நேரம் வேர்ட் பைல் ஸிப் என்ற வாலோடு வந்து சேரும். திறந்தால் உள்ளே "வேர்ட்" என்ற போல்டரும் எக்ஸ்எம்எல் பைல்களும் இருந்தால், வாலை டொக்எக்ஸ் என்று மாற்றுங்கள். வேர்ட் திறக்கும்.

படி 5: 7-ஸிப் போடுங்கள்

ஸிப், றார், 7ஸெட் மூன்றையும் திறக்கும் இலவச சொப்ட்வெயார் இது, இகோர் பாவ்லொவ் என்பவர் 1999 இல் தொடங்கியது. விளம்பரம் இல்லை, காசும் கேட்காது. முகவரி 7-ஸிப் டொட் ஓஆர்ஜி. 7 க்கும் ஸிப்புக்கும் நடுவில் ஒரு சிறு கோடு உண்டு. கோட்டையும் கடைசி ஓஆர்ஜியையும் பார்த்து அடியுங்கள், அதே சாயலில் வேறு தளங்களும் இருக்கின்றன. போட்ட பிறகு றைட் கிளிக் மெனுவில் 7-ஸிப் வரும். விண்டோஸ் 11 என்றால் "ஷோ மோர் ஒப்ஷன்ஸ்" கொடுத்தபின் தெரியும்.

வாலில் ஸிப் என்றிருக்கும் றார் பைலையும் இது உள்ளடக்கத்தைப் பார்த்தே திறந்துவிடும்.

றார் பைல்களுக்கென்றே இருக்கும் வின்றார் சொப்ட்வெயார் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாதென்றில்லை. 40 நாள் சோதனை முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருப்பது ஊருக்கே தெரிந்த கதை. ஆனால் வின்றார் தன்னைத்தானே அப்டேட் செய்யாது. 2025 இல் அதில் கண்ட பாதுகாப்பு ஓட்டை ஒன்று 7.13 ஆம் பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. கடைக்காரர் எப்போதோ போட்டுத் தந்த பழைய வின்றார் இருந்தால் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். 7-ஸிப்பும் தானாக அப்டேட் ஆவதில்லை. அதையும் இடைக்கிடை பார்க்க வேண்டும்.

படி 6: துண்டு துண்டாக வந்தால்

"பார்ட்1.றார்", "பார்ட்2.றார்" என்றோ கடைசியில் 001, 002 என்றோ வந்தால் அவை ஒரே பைலின் துண்டுகள். எல்லாத் துண்டையும் ஒரே போல்டரில் வையுங்கள், பெயரை மாற்றாதீர்கள், முதல் துண்டை மட்டும் எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள். மற்றவற்றை அது தானே தேடி எடுக்கும். ஒன்று குறைந்தாலும் நின்றுவிடும். ஒரே துண்டை இரண்டு தரம் இறக்கியதால் பெயரில் அடைப்புக்குறிக்குள் 1 சேர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

கூகுள் டிரைவ் பெரிய போல்டரைப் பல ஸிப்பாகப் பிரித்துத் தருவது வேறு. அங்கும் 001, 002 என்று இருக்கும், ஆனால் வால் ஸிப். ஒவ்வொன்றும் தனி ஸிப். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, ஒரே இடத்தில் எக்ஸ்ட்ராக்ட் செய்ய வேண்டும். கலியாணப் படத்தில் தாலி கட்டு மட்டும் காணவில்லை என்றால் அது திறக்காமல் விட்ட ஸிப்பில் இருக்கும்.

படி 7: பாஸ்வேர்ட்

சரியான பாஸ்வேர்ட் கொடுத்தும் விண்டோஸ் மறுத்தால், ஸிப் ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டு முறையில் பூட்டப்பட்டிருக்கலாம். அந்தப் பூட்டை 7-ஸிப் திறக்கும். அதிலும் திறக்கவில்லையென்றால் பாஸ்வேர்டின் எழுத்தைப் பாருங்கள்: போன் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியிருக்கும், வட்ஸ்அப்பிலிருந்து கொப்பி செய்யும்போது கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்திருக்கும், கீபோர்ட் தமிழில் நின்றிருக்கும். முன்பின் தெரியாதவர் பூட்டிய ஸிப்பையும் பாஸ்வேர்டையும் சேர்த்தே அனுப்பினால் திறக்க வேண்டாம். பூட்டியிருந்தால் வைரஸ் சோதனையால் உள்ளே பார்க்க முடியாது என்பதற்காகவே அப்படி அனுப்புவார்கள்.

படி 8: போடும் இடத்தில் பிழையா?

எக்ஸ்ட்ராக்ட் தொடங்கி இடையில் நின்றால் மூன்றைப் பாருங்கள். சி டிரைவில் இடம் இருக்கிறதா? ஸிப்புக்கும் விரிந்த பைல்களுக்கும் சேர்த்து இடம் வேண்டும். பென்ட்ரைவுக்குள் போடுகிறீர்களா? அது எப்ஏடி32 என்ற பழைய பைல் அடுக்கும் முறையில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் ஒற்றைப் பைலை ஏற்காது. கலியாண வீடியோ அங்கேதான் சிக்கும். "பாத் டூ லோங்" என்று வருகிறதா? போல்டருக்குள் போல்டராகப் போய்ப் பெயர் நீண்டுவிட்டது. வழக்கமான எல்லை 260 எழுத்து. சி டிரைவில் நேரடியாக ஓரெழுத்துப் பெயரில் போல்டர் ஒன்று செய்து அதற்குள் எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள்.

படி 9: சிஆர்சி எரர்

ஒவ்வொரு பைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் ஸிப்புக்குள் இருக்கும். விரித்த பைல் அந்த எண்ணோடு பொருந்தாவிட்டால் "சிஆர்சி பெயில்ட்" வரும். பென்ட்ரைவிலிருந்து திறந்தால், முதலில் டெஸ்க்டொப்புக்கு கொப்பி செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே பைலில் எரர் வந்தால் வந்த ஸிப்பில்தான் பிழை, மறுபடி இறக்குங்கள். ஒவ்வொரு தரமும் வேறு வேறு பைலில் வந்தால் உங்கள் கொம்பியூட்டரின் ரம்மை, அதாவது தற்காலிக நினைவகத்தை, சந்தேகப்படுங்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

மறுபடி இறக்க வழியே இல்லை, அனுப்பியவரிடமும் இல்லை என்றால், வின்றாரில் எக்ஸ்ட்ராக்ட் செய்யும்போது "கீப் புரோக்கன் பைல்ஸ்" என்பதைச் சரிபோட்டுப் பாருங்கள். நல்ல படங்கள் வந்துவிடும், கெட்டவற்றில் சிலது மேல்பாதியோடு வரும். றார் பைலைச் செய்தவர் பழுதைச் சரிக்கட்ட உதவும் மீட்புப் பதிவையும் சேர்த்திருந்தால் "ரிப்பெயர்" உண்மையாகவே வேலை செய்யும். மற்றப்படி அந்தப் பொத்தானை அதிகம் நம்ப வேண்டாம்.

எல்லாம் திறந்தது, எழுத்துத்தான் குப்பையாக இருக்கிறது

பைல்களின் தமிழ்ப் பெயர்கள் மட்டும் கிறுக்கலாக வந்தால், பழைய சொப்ட்வெயாரில் ஸிப் செய்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது நல்லாகத்தான் இருக்கும். ரீநேம் செய்தால் போதும்.

வேர்ட் பைலைத் திறந்தால் வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறதா? அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஸிப்பிலும் பிழை இல்லை, வேர்டிலும் பிழை இல்லை. பாமினி எழுத்துருவைப் போட்டுவிட்டு வேர்டை மூடித் திறங்கள், வந்துவிடும். போனில் வாசிக்க வேண்டுமானால் பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இணையக் கருவியில் ஒட்டி எடுக்கலாம். இன்னும் லேசான வழி, அடுத்த முறை ரியூசன் சேரிடம் பிடிஎப் ஆகப் போடச் சொல்வது. அதில் எழுத்துரு பெரும்பாலும் உள்ளேயே சேர்ந்து வரும்.