மூக்குத்திக்கு ஒன்று, வெள்ளிக் காசுக்கு ஒன்று: மெட்டல் டிடெக்டர் காயிலின் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்தல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்பட்டணத்தில் மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் அது எத்தனை அடி ஆழம் காட்டும் என்றே முதலில் கேட்கிறார்கள். தேடுவது திடலில் தொலைந்த மூக்குத்தியா, இடிந்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் புதைந்த வெள்ளிக் காசா என்பதைத் தீர்மானித்துக்கொள்வதே அதற்கு முந்திய வேலை.

கருவியின் அடியில் உள்ள கம்பிச்சுருளான காயிலின் காந்தப்புலம் உலோகத்தில் எழுப்பும் சுழல் மின்னோட்டத்தைத்தான் கருவி உணர்கிறது. தடித்த வெள்ளியிலும் செம்பிலும் அது மெல்ல அடங்குவதால் 3 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் போதும். பாதி வெள்ளி கலந்த 1945ஆம் ஆண்டு மலாயா 20 காசுக்கும் அக்காலத்துச் சதுர வெண்கலக் காசுக்கும் இதுவே பொருத்தம். மெல்லிய, சிறிய பொருளில் அம்மின்னோட்டம் உடனே அடங்கிவிடுவதால் 18 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் தேவைப்படும்.

தங்கம் என்றாலே உயர் அதிர்வெண் என்பது அரைகுறைப் பேச்சு. கனமான மோதிரம் 7 கிலோஹெர்ட்ஸிலேயே தெளிவாக ஒலிக்கும். மெல்லிய சங்கிலிதான் சோதிக்கும்: கண்ணிக்குக் கண்ணி மின்னோட்டம் சரியாகப் பாயாததால், கருவிக்கு அது தனித்தனிச் சிறு வளையங்களாகவே தெரியும், பல நேரங்களில் கொக்கியோ பதக்கமோதான் முதலில் ஒலி எழுப்பும்.

உயர் அதிர்வெண்ணுக்கு ஒரு விலை உண்டு. இரும்பு ஆக்சைடு மிகுந்த நம் செம்மண்ணில் கருவி ஓயாமல் பிதற்றும் என்பதால், மண்ணுக்கேற்பச் சமன்செய்து, உணர்திறனைச் சற்றுக் குறைத்து, ‘டி’ எழுத்து வடிவில் இரு சுருள்கள் கொண்ட இரட்டை ‘டி’ காயிலைப் பூட்டுவது நல்லது. கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் சேரும் மங்குகளை, அதாவது கிண்ணங்களை, தாங்கிய கம்பிகளும், லயத்தருகே கூரை ஆணிகளும் நிறைந்திருக்கும். அங்கே 6 அங்குலக் காயில், பெரிய காயிலைவிட ஆழம் குறைந்தாலும், ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசைப் பிரித்துக் காட்டும். விட்டுவிட்டு மின்துடிப்புகளை அனுப்பித் தேடும் பல்ஸ் வகைக் கருவி செம்மண்ணை நன்றாகச் சமாளித்தாலும் இரும்பை ஒதுக்கத் திணறுவதால், இவ்விடத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வாங்குமுன் அதிர்வெண் மாறும் விதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மைன்லேப் நிறுவனத்தின் எக்ஸ்-டெர்ரா 705 கருவியில் 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனிக் காயில் வேண்டும். அதே நிறுவனத்தின் ஈக்குவினாக்ஸ் 800இல் 5 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே காயிலில் மாற்றலாம், பல அதிர்வெண்களில் ஒருசேரவும் தேடலாம். தேடும் நகையைப் போன்ற ஒன்றை நூலில் கட்டி, தேடவிருக்கும் மண்ணின்மேலேயே வைத்து ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒலியைக் கேட்டுப் பார்த்துவிட்டு, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்றுத் தொடங்குங்கள்; தோட்டாவோ குண்டோ தென்பட்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.