வயிற்று அழுத்தமும் படுக்கையோர ஸ்கேனும்: அவசரப் பிரிவில் நேரும் தவறுகள்

வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீரும் குறைந்துகொண்டே வரும் நோயாளி. அல்ட்ராசவுண்ட் கருவியின் புரோபை (உடல் மேல் வைக்கும் கைப்பிடியை) வைத்ததும் வயிற்றுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று ஸ்கேன் சொல்லிவிடும் என நினைப்பதுதான் முதல் தவறு. அந்த எண்ணைச் சிறுநீர்ப்பை வழியாகத்தான் அளக்க வேண்டும். அழுத்தம் ஏன் ஏறியது, எதை வெளியே எடுத்தால் இறங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் ஸ்கேனிடம் பதில் உண்டு. கையால் அமுக்கி 'வயிறு இறுக்கமாக இல்லை' என்று எழுதிவிடுவதும் போதாது. உயர்ந்த அழுத்தத்தைக் கை ஏறக்குறைய பாதிப் பேரிடம் தவறவிடும்.

தீவிர நோயில் உள்ள பெரியவர்களிடம் 5 முதல் 7 மி.மீ. பாதரசம் இயல்பு. 12-ம் அதற்கு மேலும் தொடர்ந்து இருந்தால் உயர் அழுத்தம். 20-ஐத் தாண்டி, கூடவே சிறுநீரகமோ நுரையீரலோ புதிதாகத் தடுமாறினால் அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், அதாவது அழுத்தமே உறுப்புகளைச் செயலிழக்க வைக்கும் நிலை. தண்ணீர்க் குழாயில் அளப்பவர்கள் அலகை மாற்ற மறக்கக் கூடாது: 27 செ.மீ. தண்ணீர் உயரம் என்பது சுமார் 20 மி.மீ. பாதரசம்தான்.

உயிரையே பறிக்கக்கூடிய தவறு ஐ.வி.சி. எனப்படும் கீழ்ப்பெருஞ்சிரையைப் படிப்பதில் நடக்கிறது. சிரை சப்பையாகத் தெரிந்ததும் 'ரத்த ஓட்டத்தில் திரவம் போதவில்லை' என்று முடிவுகட்டி சலைனை வேகமாக ஓடவிடுகிறார்கள். வயிற்றில் அழுத்தம் ஏறும்போது அந்தச் சிரை வெளியிலிருந்தே நசுங்கும். உள்ளே ரத்தம் போதுமான அளவு இருந்தாலும் ஒட்டித்தான் தெரியும். ஏற்றிய சலைன் குடல் சுவரிலும் வயிற்றறையிலும் கசிந்து அழுத்தத்தை இன்னும் கூட்டும், சிரை இன்னும் நசுங்கும், மறுபடி சலைன் ஏறும். கடுமையான கணைய அழற்சியிலும், மழைக்காலத்தில் டெங்கு அதிர்ச்சியோடு வரும் குழந்தைகளிலும் இந்தச் சுழல் மணிக்கணக்கில் முற்றிவிடும். மையச் சிரை அழுத்தமான சி.வி.பி.யும் கைகொடுக்காது. உதரவிதானம் மேலே தள்ளப்படுவதால் அது பொய்யாக உயர்ந்து காட்டும். காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனையும் நம்பகமில்லை, ஏனென்றால் காலிலிருந்து திரும்பும் ரத்தம் அதே நசுங்கிய சிரையைக் கடந்தாக வேண்டும்.

அதனால் வயிறு உப்பியிருப்பவரிடம் ஐ.வி.சி.யை மட்டும் வைத்துத் திரவ முடிவு எடுக்காதீர்கள். இதயத்தைப் பாருங்கள்: இடது கீழறை சுருங்கும்போது சுவர்கள் ஒன்றையொன்று முத்தமிடுகின்றனவா (அறைக்குள் ரத்தம் குறைவு என்பதன் அடையாளம்)? நுரையீரலில் பி-கோடுகள் (நீர் சேர்வதைக் காட்டும் செங்குத்து வெண்கோடுகள்) கூடிக்கொண்டே போகின்றனவா? பிறகு சிறுநீர்ப்பை அழுத்தத்தை அளந்துவிட்டு, அடுத்த பாட்டிலைத் தொடுங்கள்.

அளக்கும் முன் சிறுநீர்ப்பையை ஒரு பார்வை ஸ்கேன் செய்வது நல்லது. கதீட்டரின் (சிறுநீர்க் குழாயின்) பலூன் பைக்குள் வட்டமாகத் தெரிய வேண்டும், அதைச் சுற்றிச் சிறுநீர் தேங்கியிருக்கக் கூடாது. தேங்கியிருந்தால் குழாய் அடைத்திருக்கிறது, வரும் எண் செல்லாது. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, இடுப்பு எலும்பின் விளிம்பும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் இடத்தில் அழுத்த அளவியின் பூஜ்ஜியத்தை வையுங்கள். பெரியவர்களுக்கு 25 மி.லி.க்கு மேல் சலைன் செலுத்தாதீர்கள். முன்பு வழக்கத்தில் இருந்த 50, 100 மி.லி. அளவு பையையே விறைக்கவைத்து அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 1 மி.லி., குறைந்தது 3 மி.லி. செலுத்துங்கள். யாராக இருந்தாலும், செலுத்திய பின் 30 முதல் 60 விநாடி பொறுத்து, மூச்சு வெளியேறி முடியும் தருணத்தில் படியுங்கள். தலைப்பக்கம் 30 பாகை உயர்ந்திருந்தாலும், நோயாளி வலியில் வயிற்றை இறுக்கினாலும் எண் பொய்யாகக் கூடும். அதே காரணத்தால், அளக்கும் நேரத்தில் வயிற்றின் மேல் புரோபை அழுத்திக்கொண்டிருக்கவும் கூடாது. இடுப்புக் குழியில் ரத்தக் கட்டு இருந்தாலோ சிறுநீர்ப்பை கிழிந்திருந்தாலோ இந்த வழியை நம்ப முடியாது.

இரைப்பையைப் பார்க்காமல் விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நெஞ்சுக்குழிக்குக் கீழே குவிபுரோபை (வளைந்த முகம் கொண்டது) நெடுக்காக வைத்தால், கல்லீரலின் இடது மடலுக்கும் பெருந்தமனிக்கும் நடுவே இரைப்பையின் கீழ்ப்பகுதி தெரியும். காலியாக இருந்தால் சிறிதாக, வளைய வளையமாக இருக்கும். நிறைந்திருந்தால் பைபோல் விரிந்து உள்ளே திரவம் ஆடும். அப்படித் தெரிந்தால் ரைல்ஸ் குழாயை (மூக்கு வழியாக இரைப்பைக்குள் செல்லும் குழாய்) போட்டு வடிப்பதே விரைவான சிகிச்சை. சிறுகுடல் 2.5 செ.மீ.க்கு மேல் விரிந்து, உள்ளடக்கம் முன்னும் பின்னும் அலைந்தால் அடைப்பை நினைக்க வேண்டும். வாயு மறைத்தால் இன்னும் அமுக்காமல் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

உப்பிய வயிற்றில் உதரவிதானம் மேலேறியிருப்பதால் கல்லீரலும் மண்ணீரலும் வழக்கமான இடத்தில் இருக்காது. ஒன்றிரண்டு விலா இடைவெளி மேலே போய்த் தேடாவிட்டால் மாரிசன் பை (கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே நீர் தேங்கும் இடைவெளி) கிடைக்காது, நெஞ்சறை நீரை வயிற்று நீர் என்று தவறாகப் படிக்கவும் நேரும். உறைந்த ரத்தம் கருப்பாக இல்லாமல் திசுவைப்போல் சாம்பல் நிறத்தில் தெரியும், அதைப் பார்த்துவிட்டு 'நீர் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

நீரை வடிப்பதென்றால், ஊசி நுழையும் இடத்தை நீள்புரோபால் (தட்டையான முகம் கொண்டது) நிற டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் முறை, போட்டுப் பார்த்து, வயிற்றுச் சுவரின் கீழ் எபிகாஸ்ட்ரிக் ரத்தக்குழாயைத் தவிர்க்கவும். குறி வைத்த பின் நோயாளி புரண்டால் குடல் நகர்ந்திருக்கும், மறுபடி பார்த்தே குத்த வேண்டும். தட்டணுக்கள் குறைந்த டெங்கு நோயாளியிடம் இந்த முடிவை மிகுந்த தயக்கத்தோடுதான் எடுக்க வேண்டும். விபத்தில் அடிபட்டு ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருப்பவரின் வயிற்றில் நீர் தெரிந்தால் அவருடைய இடம் அறுவை அரங்கு. மற்றவர்களில், குழாய் போட்ட முதல் 4 மணி நேரத்தில் 1 லிட்டராவது வடியாமலும் அழுத்தம் 9 மி.மீ.யாவது இறங்காமலும் இருந்தால், வயிற்றைத் திறப்பது பற்றி அறுவை மருத்துவரிடம் அப்போதே பேசுங்கள்.

ஒருமுறை அளந்து 11 வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஆபத்தில் இருப்பவரிடம் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, எந்த நிலையில் படுக்கவைத்தீர்கள், எத்தனை மி.லி. செலுத்தினீர்கள் என்பதையும் எண்ணோடு சேர்த்துக் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் வேறு விதமாக அளந்தால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.