ஆல்பம் கவருக்கு ஃபான்ட் தேடும்போது

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஐந்து பாட்டு போட்டிருந்தார்கள். ஆல்பத்தின் பெயர் ‘நுங்கு வண்டி’. கவர் வேலை என்னிடம் வந்த அன்றே பதினேழு ஃபான்ட்களின் ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. எல்லாவற்றிலும் ‘அ ஆ இ ஈ’ எழுதியிருந்தது. இவர்கள் அரிச்சுவடியா பாடப் போகிறார்கள்?

ஃபான்ட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். மாதிரிப் பக்கத்தில் ‘அ’ அழகாகச் சுருண்டு நிற்கும். உங்கள் தலைப்பில் ‘அ’வே இருக்காது. அதனால் முதல் வேலையாகத் தலைப்பை மட்டும் டைப் செய்து, கையில் உள்ள எல்லா ஃபான்ட்டிலும் ஒரே பக்கத்தில் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். நிறம் வேண்டாம், படம் வேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போதும்.

பிறகு எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். ‘நுங்கு வண்டி’யை எடுத்துக்கொள்வோம். ‘நு’வும் ‘கு’வும் வரிக்குக் கீழே இறங்குகின்றன. ‘டி’யின் கொக்கி மேலே ஏறுகிறது. ‘ங்’கும் ‘ண்’ணும் அகலமான எழுத்துகள், தலையில் புள்ளி வேறு. சதுரக் கவரில் பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் இரண்டு வரியாக உடைக்கத்தான் வேண்டும். உடைத்ததும் ‘கு’வின் வால் நேராக ‘டி’யின் தலையில் இடித்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாகப் போட்டால் மேலும் கீழும் ஒன்றும் நீட்டாது, வரிகளை நெருக்கி அடுக்கிவிடலாம். தமிழில் அது நடக்காது. வரிகளை விலக்கினாலோ தலைப்பு இரண்டு தனிப் பெயராகப் பிரிந்து தெரிந்தது. கடைசியில் கீழ் வரியை ஓர் எழுத்து அகலத்துக்கு வலப்பக்கம் தள்ளினேன். ‘கு’வின் வால் ‘ண்’ணுக்கும் ‘டி’க்கும் நடுவில் இருந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி உருண்டு போவது மாதிரியும் ஆனது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று இதுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதினேழில் ஐந்தைப் புள்ளியே கழித்துவிட்டது. போனில் பாட்டு வரிசையில் உங்கள் கவர் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். பாட்டுத் தளங்கள் வழக்கமாகக் கேட்பது 3000 × 3000 பிக்சல், ஆனால் ஆள் பார்ப்பது அந்த நகத்தை. மெல்லிய ஃபான்ட்டில் அந்த அளவில் புள்ளி காணாமல் போகும், ‘வண்டி’ ‘வணடி’ ஆகிவிடும். ரொம்பத் தடித்த ஃபான்ட்டில் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் தடிமனில், புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற ஃபான்ட்டாகப் பாருங்கள். வடிவமைத்த படத்தை உங்கள் போனுக்கே அனுப்பி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தால் தெரிந்துவிடும்.

கட்டணமில்லாத ஃபான்ட்களிலேயே இப்போது நல்லவை நிறைய. கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் ‘பலூ தம்பி 2’ கொழுகொழுவென்று இருக்கும். குழந்தைப் பாட்டுக்கும் குறும்புக்கும் சரி, ஒப்பாரிக்கு ஆகாது. ‘கவிவாணர்’ (Kavivanar) சாய்ந்த கையெழுத்து. ‘கேட்டமரன்’ (Catamaran) சுத்தமான வடிவம், ஒன்பது தடிமனில் வருகிறது. நான் எடுத்தது ‘அனேக் தமிழ்’. அதில் தடிமனை மட்டுமல்ல, அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ‘நுங்கு’ அகலமாகவும் ‘வண்டி’ கொஞ்சம் ஒடுங்கியும் வந்தன, எழுத்தை மவுஸால் பிடித்து இழுக்காமலே. அப்படி அகலமாக இழுத்தால் நிற்கும் கோடு மட்டும் தடித்து, படுக்கும் கோடு அப்படியே நின்று, எழுத்துக்கு மூட்டுவலி வந்த மாதிரி ஆகிவிடும்.

‘பழைய காலத்து லுக்’ என்று ஒரு விண்ணப்பம் எப்போதும் வரும். தலைப்பில் லை, ளை, ணை, னை இருந்தால் ஒரு வழி உண்டு. 1978-இல் அரசு ஆணை வருவதற்கு முன்பு இவை யானைத் துதிக்கை போட்டு எழுதப்பட்டவை. அந்த ஒரே வளைவு பழுப்பு நிறக் காகிதப் பின்னணியை விட அதிகம் பேசும். ஆனால் அதைப் படித்திராத பிள்ளைகள்தான் உங்கள் பாட்டைக் கேட்கப் போகிறார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிரம்மர் தம்பிக்கு வேறொரு ஆசை. மூணு சுழி ‘ண’வின் சுழிகளை நுங்குச் சக்கரமாக வரையச் சொன்னான். ‘கீழே வண்டியே இருக்கிறதேடா, எழுத்தும் எதற்கு உருள வேண்டும்?’ என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

பாடியவர்கள் பெயருக்கு இன்னொரு ஃபான்ட் தேடாதீர்கள். அதே ஃபான்ட்டின் மெல்லிய வடிவம் போதும். அழகுக்காக எழுத்துகளுக்கு இடையில் இடைவெளி விடுகிற பழக்கத்தையும் தமிழில் விட்டுவிடுங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். ஆங்கிலப் பெயரும் பக்கத்தில் வந்தால் இரண்டுக்கும் ஒரே பாயின்ட் அளவு கொடுத்துவிட்டு நகராமல், கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். டைப் செய்த வடிவத்தில் ஒரு காப்பி உங்களிடம் இருக்கட்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் வேலை செய்தால் டைப் அமைப்பில் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கிற ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை ‘கொட்டு’ என்ற பெயருக்கு சிடி கார்டு செய்தேன். அவசரத்தில் அவுட்லைன் ஆக்காமல் அனுப்பினேன். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. 300 கார்டு. எங்கள் வீட்டில் இன்றைக்கும் மளிகைச் சீட்டு எழுதுவது அவற்றின் பின்பக்கத்தில்தான்.