பாட்டுக்கு மிருதங்கம் வாசிப்பது எப்படி

ஐந்தாறு ஆண்டுகள் பாடம் கேட்டு, தனி ஆவர்த்தனம் (பாட்டு நிற்க, தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி) வாசிக்கும் அளவுக்குத் தேறிய மாணவர்கள்கூட முதன்முதலாகப் பாட்டுக்கு வாசிக்க உட்காரும்போது தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கையில் சரக்கு நிறைய இருக்கும். அதை எங்கே இறக்குவது என்றுதான் தெரியாது. வகுப்பில் கற்ற சொற்கட்டுகளும் (தாளச் சொற்களின் கோவை) மோராக்களும் (மும்முறை வாசித்து முடிக்கும் சிறு முடிப்பு) கோர்வைகளும் (கணக்குப் போட்டு அமைத்த நீண்ட முடிப்பு) தாளத்தை மட்டும் நம்பி நிற்பவை. கச்சேரியிலோ அந்தத் தாளத்தின் மேல் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாட்டுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று அந்தக் கணத்திலேயே தெரிந்து வாசிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளும் வழிகளை, கர்நாடக இசைக் கச்சேரியை மட்டும் மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும். குரல் எப்படி இருந்தாலும் பாதகமில்லை. மிருதங்கத்தை உறையிலேயே விட்டுவிட்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு கீர்த்தனையைப் பல்லவியிலிருந்து சரணம் வரை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். எந்தச் சொல் எந்த அட்சரத்தில் (தாளத்தின் எண்ணிக்கையில்) விழுகிறது, எங்கே கார்வை (ஒலியின் நீட்சி) நீள்கிறது, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் எந்தச் சங்கதியில் பாட்டு மேல் ஸ்தாயிக்குப் போகிறது என்பதெல்லாம் உடம்பில் ஏறிய பிறகுதான் வாத்தியத்தைத் தொட வேண்டும். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) கீர்த்தனையின் போக்கையே மிருதங்கத்தில் கொண்டுவந்தவர் என்று கொண்டாடப்படுகிறார். அவருடைய பழைய ஒலிப்பதிவு ஏதேனும் ஒன்றை எடுத்து, பாடகரை மறந்து மிருதங்கத்தை மட்டும் தொடர்ந்து கேட்டால், பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஏறக்குறைய ஊகித்துவிட முடியும். கீர்த்தனையைத் தாமே பாடத் தெரியாத ஒருவரின் கையிலிருந்து அப்படி ஒரு வாசிப்பு வராது.

அடுத்தது சர்வலகு. எளிய நடையைச் சீராக ஓட்டிக்கொண்டு போகும் இந்த வாசிப்பை மாணவர்கள் தாழ்வாக நினைப்பதற்குக் காரணம், அதில் கணக்கு இல்லை என்பதுதான். ஆனால் கச்சேரியில் முக்கால் பங்கு நேரம் இதுவே கைகொடுக்கிறது. ஒரு மாதத்துக்கு ஒரே கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, ஒரு மோராகூட வைக்காமல், சர்வலகுவில் மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்துப் பழகுங்கள். வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விரலால் எழுப்பும் மீட்டு தெளிவாக ஒலிக்கிறதா, தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) தொம் வலந்தலையோடு இழைகிறதா, பாட்டு தாழும்போது கை தானாகத் தாழ்கிறதா என்பவற்றை மட்டும் கவனித்தால் போதும். தொப்பியைத் தட்டிய கையோடு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி எழுப்பும் கும்கி, கேட்பவரைக் கிறங்கவைக்கும் நாதம். ஆனால் அட்சரத்துக்கு ஒன்றாக அதை அள்ளித் தெளித்தால் விம்மல் போலக் கேட்கும். கும்கிக்குப் பேர்போன பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) அதை எவ்வளவு அளந்து இட்டிருக்கிறார் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பாட்டு எப்போதும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தொடங்குவதில்லை. அரை இடம், ஒன்றரை இடம் என்று தள்ளியும் தொடங்கும். சமத்துக்கே முடித்துப் பழகிய கை, தள்ளி எடுக்கும் பாட்டிலும் சமத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பாடகர் வாயைத் திறப்பதற்குள் மிருதங்கம் வெறுமனே காத்திருக்கும். ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். ஒரு களை ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்காக 32 மாத்திரை. பாட்டு அரை இடத்தில், அதாவது சமத்துக்கு இரண்டு மாத்திரை தள்ளி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தகதிங்கிணதொம்’ என்ற சொல் ஆறு மாத்திரை. மூன்று முறை சொன்னால் பதினெட்டு. தாளத்தின் கடைசி நான்கு அட்சரமான இரண்டு திருதங்களுக்கும் சேர்த்துப் பதினாறு, எடுப்பு வரை இன்னும் இரண்டு, ஆகப் பதினெட்டு. எனவே முதல் திருதத்தின் தட்டில் தொடங்கினால், கடைசி ‘தொம்’ ஒலித்து முடியும் இடத்தில் பல்லவியின் முதல் எழுத்து வந்து உட்காரும். இப்படி ஐந்தாறு சிறிய தீர்மானங்களை (முடிப்புகளை) ஒவ்வோர் எடுப்புக்கும் கணக்குப் போட்டு, வாயால் சொல்லித் தாளம் போட்டு, கைக்கு ஏற்றிவிட்டால், மேடையில் கணக்கைப் பற்றி யோசிக்காமல் பாட்டைக் கேட்க முடியும்.

கணக்கு கைவந்த பிறகு வருவதுதான் பெரிய ஆபத்து, எல்லா இடத்திலும் அதை வைக்கத் தோன்றும். இருபது வயதில் ஒரு சிறிய சபையில் இரண்டு களை (ஒவ்வோர் எண்ணிக்கையும் இரட்டிப்பான) ஆதி தாளத்தில் ஒரு விளம்ப கால, அதாவது மெதுவான, கீர்த்தனைக்கு வாசித்தேன். சரணத்தின் நடுவில் பாடகர் ஒரு வரியை மிக மெல்லிய குரலில், மந்திர ஸ்தாயியை (கீழ் ஸ்தாயியை) தொட்டுப் பாடி, அதையே மீண்டும் எடுத்தார். அந்த இடைவெளி எனக்கு வெற்றிடமாகத் தெரிந்ததால், துரித காலத்தில் சொற்களை நிரப்பி நீளமான ஒரு மோராவை இறக்கினேன். முன்வரிசையில் கைதட்டினார்கள். பாடகரோ உடனே அடுத்த வரிக்குப் போய்விட்டார். கச்சேரி முடிந்ததும் வயலின் வாசித்த பெரியவர் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, அவர் அங்கே நிரவலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார், நீ கதவைச் சாத்திவிட்டாய்” என்றார். நிரவல் என்பது ஒரே வரியைத் தாளத்துக்குள் விதவிதமாக விரித்துப் பாடுவது. ஒரே வரியைப் பாடகர் இரண்டாம் முறை எடுத்தால் கையைக் குறைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

நிரவல் தொடங்கிவிட்டால், கீழ்க் காலத்தில் சொற்களுக்கு இடையே இடம் விட்டு வாசித்து, பாடகர் மேல் காலத்துக்கு ஏறும்போது கூடவே ஏறுவது நல்லது. நாம் முந்திக்கொண்டு ஏறினால் அவர் விரும்பாத வேகத்துக்கு அவரை இழுத்துவிடுவோம். பாடகர் ஸ்வரங்களை அந்தக் கணமே புனைந்து பாடும் கல்பனாஸ்வரத்திலும் அதே முறைதான். பாடகர் பாடும் கோர்வையின் அமைப்பு முதல் தடவையில் பிடிபடவில்லையென்றால், சர்வலகுவில் தாளத்தைக் காத்துக்கொண்டு, மறுமுறை வரும்போது சேர்ந்துகொள்வதில் எந்த அவமானமும் இல்லை. தப்பாக ஊகித்து ஓங்கி அடிப்பதுதான் அவமானம்.

வயலின் முறை வரும்போது ஒலியைக் கட்டாயம் குறைக்க வேண்டும். வயலின்காரருக்கும் பாடகருக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுக்க வேண்டும். இதைப் பலரும் ஓய்வு நேரமாக எடுத்துக்கொண்டு, கல்லையும் கட்டையையும் எடுத்து வாரைத் தட்டிச் சுருதி சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். குளிரூட்டிய அரங்கில் தோல் சுருதி மாறுவது உண்மைதான். ஆனால் ராக ஆலாபனையின் உச்சத்தில் ‘டொக் டொக்’ என்று கேட்பதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. கச்சேரிக்கு அரை மணி முன்னதாகவே மேடைக்குப் போய், தொப்பிக்கு ரவை ஒட்டி, அரங்கின் காற்றுக்குத் தோல் பழகிய பிறகு சுருதி சேர்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. பாடகரின் சுருதி ஒரு கட்டையா ஐந்து கட்டையா (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்பதை முன்கூட்டியே விசாரித்து, அதற்கேற்ற நீளமுள்ள மிருதங்கத்தைக் கொண்டுபோவதும் இதில் அடங்கும்.

தனி ஆவர்த்தனத்திலும் பாட்டை மறந்துவிடக் கூடாது. பாடகர் எந்த வரியில் நிறுத்தித் தனிக்கு விட்டாரோ அதன் காலப்பிரமாணத்தை அப்படியே காத்து, கஞ்சிராவோ கடமோ உடன் இருந்தால் அவர்களுக்கு உரிய பங்கை விட்டுக்கொடுத்து வாசிக்க வேண்டும். வேகம் கூடிப்போனால், அந்த வரியைப் பாடகர் திரும்ப எடுக்கும்போது சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். கடைசிக் கோர்வையை மூன்று முறை வாசிக்கும்போது, இரண்டாவது முறையில் பாடகரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அவர் தாளம் போடும் கையைச் சற்று உயர்த்தி, உதட்டில் அந்த வரியைத் தயாராக வைத்திருப்பார். மூன்றாவது முறை முடியும் ‘தொம்’மைக் கொஞ்சம் அடக்கி வாசித்தால், அந்த வரியின் முதல் எழுத்து அரங்கத்தில் தெளிவாகக் கேட்கும்.