ரயில் ஹாரனை வைத்து ரயிலின் வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஒலி எழுப்பும் பொருள் நெருங்கும்போது அதிர்வெண் கூடுதலாகவும், விலகும்போது குறைவாகவும் கேட்பதுதான் டாப்ளர் விளைவு; பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நேராகச் செய்முறைக்குப் போய்விடலாம்.

1. விரைவு வண்டி நிற்காமல் போகும் நிலையம் வேண்டும். சைதாப்பேட்டை, பல்லாவரம் போன்றவை சரிப்படும். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் நில்லுங்கள்.

2. செல்போனில் வேவ் ஃபைலாகப் பதியும் ஆப் போதும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது ஹாரனையும் சேர்த்துத் தின்றுவிடும்.

3. கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலித்தது என்று காட்டும் படம்) மாற்றுங்கள். விண்டோ அளவு 8192. ஹாரன் கிடைக்கோடுகளாகத் தெரியும். வண்டி கடக்கும் இடத்தில் ஒவ்வொரு கோடும் படி இறங்கியதுபோல் சரியும்.

4. சரிவுக்கு முன் உள்ள அதிர்வெண்ணையும் பின் உள்ளதையும் குறியுங்கள். வேகம் = ஒலியின் வேகம் × (முன் − பின்) ÷ (முன் + பின்). ஹாரனின் அசல் அதிர்வெண் தேவையே இல்லை. 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். முன் 420, பின் 370 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு சுமார் 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கி.மீ.

எல்லோரும் சறுக்குவது நான்காவது படியில்தான். வண்டி நெருங்க நெருங்க ஸ்தாயி ஏறிக்கொண்டே போவதாகக் காது சொல்லும். ஏறுவது சத்தம் மட்டுமே. அதிர்வெண் ஏறுவதே இல்லை, கடைசியில் இறங்கத்தான் செய்கிறது. நம்மை நோக்கி வரும் வேகம் மட்டுமே கணக்கில் வரும். நமக்கு நேர் எதிரே வந்த கணத்தில் வண்டி முழுக்கக் குறுக்கே ஓடுகிறது, அந்த வேகம் ஒலியில் பதிவதில்லை. ஆகவே சரிவை ஒட்டி அளந்தால் வேகம் குறைவாகவே வரும். தண்டவாளம் 10 மீட்டர் தள்ளி இருந்தால், வண்டி இருபக்கமும் 50 மீட்டராவது தள்ளி இருக்கும்போது அளவெடுங்கள். பிழை 2 சதவீதத்துக்குள் அடங்கும். அதற்கு ஹாரன் இருபுறமும் இரண்டரை நொடியாவது ஒலித்திருக்க வேண்டும். பாதியில் நின்ற ஹாரனை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்.

(பின்னர் சேர்த்தது: "மணிக்கு 300 கி.மீ. வருகிறது" என்றால் இரண்டு வெவ்வேறு கோடுகளை ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஹாரனில் பல சுரங்கள் உண்டு. ஒரே கோட்டை விரலால் தொடர்ந்து போங்கள். முடிந்தால் மேலே, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் உள்ள கோட்டை எடுங்கள். அங்கே 1260, 1110 என்று இடைவெளி 150 ஆகிவிடும். 5 ஹெர்ட்ஸ் தவறினால் கீழே உள்ள முதல் கோட்டில் 8 கி.மீ. பிசகும், இங்கே 3 கி.மீ.கூட இல்லை.)

சென்னைத் துறைமுகத்தில் உள்ள டாப்ளர் வானிலை ரேடாருக்கும், குறுக்கே ஓடும் வேகம் பதியாது என்ற இதே கட்டுப்பாடுதான். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையில் ரேடாரை நோக்கி வரும் காற்றும் விலகும் காற்றும் தெரியும். குறுக்கே வீசும் காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் பூஜ்யம்தான்.

ஒளிக்கும் டாப்ளர் விளைவு உண்டு, ஆனால் மாற்றம் மிகச் சிறியது. நொடிக்கு 2 கி.மீ. வேகம் 600 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள நிறமாலைக் கோட்டை (ஒளியைப் பிரித்தால் தெரியும் கருங்கோடு) 0.004 நானோமீட்டர்தான் நகர்த்தும். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909-ல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் இத்தகைய நகர்வைச் சூரியக் கரும்புள்ளிகளில் கண்டு, புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று காட்டினார். புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருக்கும்போது அந்தப் பாய்ச்சல் நமக்குக் குறுக்கே இருப்பதால் நகர்வு தெரியாது. விளிம்பை நோக்கிப் போகும்போதுதான் கோடு வளையத் தொடங்கும்.